தறிக்கு மேலே ஒரு சிவப்பு பல்பு

கதவைத் தட்டினால் கேட்காத ஒரு பெண் தனியாக எப்படிக் குடியிருப்பாள்?

பாளையம்பட்டியில் வேணியின் வாசலில் நின்று அவளுடைய தம்பி சௌந்தர் இப்படிக் கேட்டான். எதிர்வீட்டில் இருக்கும் எனக்கும் அதே கேள்விதான்.

இருபது வருடத்துக்கும் மேலாக விசைத்தறி ஓட்டியதில் வேணியின் காது கொஞ்சம் கொஞ்சமாக அடைத்துப்போனது. எதிரில் நிற்பவரின் உதட்டைப் பார்த்தே பேச்சைப் பிடித்துவிடுவாள். வாசலை மட்டும் அம்மா பார்த்துக்கொண்டாள். ஆடி மாதம் அம்மா இறந்த பிறகு வீட்டில் அவளும், பின்கட்டில் இரண்டு தறிகளும்தான்.

ஐப்பசியில் ஒருநாள் பக்கத்து வீட்டுத் தங்கம்மாள் குழம்பு கொடுக்க வந்தாள். கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, பின்னாலிருந்து தோளைத் தொட்டாள். வேணி திடுக்கிட்டதில் கை ஓடுகிற தறிக்குள் போய் இரண்டு விரல்கள் நசுங்கின. செய்தி கேட்டு சௌந்தர் மதுரையிலிருந்து வந்தான். எங்கள் பக்கத்து நெசவாளர் பலரைப் போல, அக்காவும் தம்பியும் வீட்டுக்குள் பேசுவது கன்னடம். நான் தமிழில் எழுதுகிறேன்.

“தறிய வித்துட்டு என்னோட வந்துரு. வாங்குறதுக்கு ஆள் பாத்து வச்சிட்டேன்.”

“அங்க வந்து நான் என்ன செய்ய?”

“சும்மா இரு. டிவி பாரு.”

“நீ சத்தத்தக் குறைக்கச் சொல்ல வேண்டியதே இருக்காது.”

சௌந்தர் சிரிக்கவில்லை. “தை பொறக்கட்டும், அந்தாளக் கூட்டிட்டு வாரேன்” என்று சொல்லி பஸ் ஏறிவிட்டான்.

விரல் கட்டோடு வேணி டவுனுக்குப் போனாள். அங்கே மாரீஸ்வரன் கேமரா கடை வைத்திருக்கிறான்.

“கேமரா மாட்டிருங்கக்கா. யாரு வாராகன்னு போன்ல தெரியும்.”

“நான் தறியப் பாக்கவா, போனப் பாக்கவா?”

“அப்ப கதவுக்கு சென்சார் வைப்போம். கதவு தொறந்தா போன் அதிரும்.”

“தறி ஓடுறப்ப தரையே அதிருது. அதுல போன் அதிர்றது எனக்கு எங்க தெரியும்?”

மாரீஸ்வரன் யோசித்தான். “பல்பு எரியுற மாதிரி செஞ்சிரலாம்க்கா.”

“அதக் குடு.”

சென்சார் என்பது இரண்டு சின்னத் துண்டுகள். பேட்டரி உள்ள துண்டைக் கதவு நிலையிலும் காந்தத் துண்டைக் கதவிலும் பக்கத்துப் பக்கத்தில் பொருத்த வேண்டும். கதவு திறந்து இரண்டும் விலகினால், வீட்டு வைஃபை வழியாகச் செய்தி போய் பல்பு எரியும். வயர் இழுக்க வேண்டியதில்லை. வந்து மாட்டித் தருகிறேன் என்றான் மாரீஸ்வரன்.

“பேட்டரி தீந்தா ஒவ்வொரு தடவையும் உன்னயத் தேடி வரவா? நானே மாட்டுறேன். எப்படின்னு வாட்ஸ்அப்ல எழுதிப் போடு. போன் பண்ணிப் பேசிராத.”

கதவு நிலைக்கு வெள்ளையடித்திருந்ததால் துண்டின் பசை ஒட்டவில்லை. துண்டு இரண்டு தடவை கீழே விழுந்தது. திருகாணி வாங்கி வந்து முடுக்கினாள். சென்சாரைப் போன் கண்டுபிடிக்கவே இல்லை. நீல விளக்கு மினுக்கும்வரை பொத்தானை அழுத்திப் பிடிக்கச் சொல்லி மாரீஸ்வரன் எழுதியிருந்தான். அழுத்திப் பிடித்தாள். கதவைத் திறந்ததும் தறிக்கு மேலே சிவப்பு பல்பு எரிந்தது. சாத்தினாள், அணைந்தது. வேணி அதைத் திரும்பத் திரும்பச் செய்து பார்த்தாள்.

மறுநாள் கதவைச் சாத்திவிட்டுத் தறியில் நின்றாள். பல்பு எரியவே இல்லை. எங்கள் தெருவில் பகலில் வாசல் கதவு சாத்தியிருந்தால் ஆள் ஊரில் இல்லை என்று அர்த்தம். பாவு நூல் கொண்டுவந்த வண்டிக்காரர், வேணி மதுரைக்கே போய்விட்டாள் என்று நினைத்துத் திரும்பிவிட்டார். இருந்த பாவு முடிந்ததும் ஒரு தறி நின்றது. கதவைத் திறந்தே வைத்தாலோ பல்பு நாள் முழுக்க எரிந்தது. அப்படி எரிந்தால் அதற்கு என்ன பயன்?

ஒரு சாயங்காலம் தங்கம்மாள் வந்து முகத்துக்கு நேரே நின்றாள்.

“என்னடி, நான் தொட்டதுக்கா கதவச் சாத்திக்கிட்ட?”

“இல்லக்கா. கதவச் சாத்துனாத்தான் எனக்குக் காது கேக்கும்.”

தங்கம்மாளுக்கு ஒன்றும் புரியவில்லை. அவள் மனம் கோணாமல் இருக்க வேணி அவளோடு அவள் வீட்டுக்குக் காப்பி குடிக்கப் போனாள். அங்கே பெரிய கதவு திறந்தே கிடந்தது. ஆடு உள்ளே நுழையாதபடி இடுப்பு உயரத்துக்கு ஒரு குட்டைக் கதவு மட்டும் சாத்தியிருந்தது. சைக்கிள் டியூப்பை வெட்டி இழுத்துக் கட்டியிருந்ததால், கையை எடுத்ததும் அது தானாகச் சாத்திக்கொண்டது. வேணி காப்பியை ஆறவிட்டு, அந்தக் குட்டைக் கதவைத் திறந்து திறந்து விட்டாள்.

“ஏன்டி அதப் போட்டு இந்தப் பாடு படுத்துற?”

“இந்த மாதிரி எனக்கு ஒண்ணு வேணும்க்கா.”

வாசலுக்கு ஒன்று, பின்வாசலுக்கு ஒன்று என ஆசாரியிடம் இரண்டு கதவு செய்யச் சொன்னாள். சென்சாரைக் கழற்றி வாசல் குட்டைக் கதவில் மாட்டினாள். பின்வாசலுக்குப் புதிதாக ஒரு சென்சாரும் பச்சை பல்பும் வாங்கினாள். பெரிய கதவுகள் பழையபடி திறந்தே இருந்தன. வண்டிக்காரர் மறுபடி வந்தார். அவர் தறிக்கூடத்தை எட்டுவதற்குள் வேணி தறியை நிறுத்திவிட்டுத் திரும்பி நின்றாள்.

தை மாதம் சௌந்தர் வந்தான், தறி வாங்குகிறவரோடு. வேணி இழையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சிவப்பு பல்பு எரிந்தது. தறியை நிறுத்திவிட்டு வெளியே வந்தால், இருவரும் ஓசைப்படாமல் அடியெடுத்து வைத்து வந்துகொண்டிருந்தார்கள்.

“ஏன்டா பூனை மாதிரி வார? நீ ஓடி வந்தாலும் எனக்கு ஒண்ணுதான்.”

சௌந்தர் பல்பைப் பார்த்தான். கதவைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தான்.

“கரண்டு போனா?”

“கரண்டு போனா தறியும் நின்னுரும். நான் வாசல்ல வந்து உக்காந்துக்கிருவேன்.”

அவன் வெளியே போனான். வந்தவருக்கு வேணி காப்பி ஆற்றிக் கொடுத்துவிட்டு மறுபடி தறியை ஓட்டினாள். கொஞ்ச நேரத்தில் பச்சை பல்பு எரிந்தது. திரும்பினாள். பின்வாசலில் சௌந்தர் ஒரு காலை மட்டும் உள்ளே வைத்து நின்றான்.

“இங்கயும் வச்சிருக்கியா?”

“உன்னய எனக்குத் தெரியாதா?”

இந்தத் தடவை அவன் சிரித்துவிட்டான். தறி வாங்க வந்தவரைப் பார்த்து, அக்காவுக்கும் உதடு தெரியும்படி நின்று, “அண்ணே, தறி குடுக்கிற மாதிரி இல்ல” என்றான்.

இதைப் படிக்கிறவர்களே, உங்களுக்குத் தெரிந்த வீட்டில் காது கேளாதவர் யாராவது தனியாக இருந்தால் வேணியின் கதையை அவரிடம் சேர்த்துவிடுங்கள். பல்பைச் சொல்லும்போது குட்டைக் கதவையும் சேர்த்துச் சொல்லுங்கள்.