இருபத்தொரு சோற்றுருண்டைகள்

தம்பி நாள் குறைந்து பிறந்தான். எடை ஏறும்வரை சேலைக்குள் மார்போடு அணைத்தே வைத்திருக்க வேண்டும், உடம்பு சில்லிட்டால் ஆபத்து என்று நர்ஸ் சொல்லி அனுப்பியிருந்தார். எனக்கு எட்டு வயது. இருபது நாளாக அம்மாவின் மடி எனக்கு இல்லை. நான் நச்சரித்த நச்சரிப்பில், அன்று சாயங்காலம் சாப்பிடும் நேரத்துக்கு மட்டும் அவனை என் மடியில் தருவதாக அம்மா ஒப்புக்கொண்டிருந்தாள்.

அந்தச் சந்தோஷத்தில் நான் ஒரு நல்ல காரியம் செய்தேன். எங்களைப் பார்த்துக்கொள்ள மேல்சித்தாமூரிலிருந்து வந்திருந்த அத்தை, பூண்டுக் குழம்பு ஊற்றிச் சுடச்சுடப் பத்தியச் சோறு பிசைந்து வைத்திருந்தாள். அம்மா ஒரு கையால் எடுத்துச் சாப்பிட வசதியாக இருக்கட்டும் என்று அதை நெல்லிக்காய் அளவில் உருட்டித் தட்டில் அடுக்கினேன். இருபத்தொன்று. அடுக்கி முடிப்பதற்குள் எல்லாம் ஆறிவிட்டன. பானையில் மிச்சமிருந்த சோறு அப்போதும் ஆவி விட்டுக்கொண்டிருந்தது.

பிள்ளை பெற்றவள் ஆறின சோறு தின்றால் சன்னி வரும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. அத்தை தட்டைத் தொட்டுப் பார்த்தாள்.

"இன்னாடி பண்ணி வச்சிருக்க? மொத்தமா கெடந்தா சூடு தாங்கும். இத்தினியூண்டா உருட்டுனா ஆறாம இன்னா பண்ணும்?"

அம்மா தட்டைப் பார்த்தாள். பிறகு சேலைக்குள் குனிந்து பார்த்தாள்.

"தம்பிய இன்னிக்கு வேணாம் கண்ணு."

உருண்டைக்கான தண்டனை என்று நினைத்து, அழுதபடியே இருபத்தொன்றையும் நானே தின்று தீர்த்தேன்.

ஒன்பதாம் வகுப்பில், கனச்சதுரத்தை எட்டுச் சம கனச்சதுரங்களாக வெட்டினால் கன அளவு மாறாது, புறப்பரப்பு இரட்டிப்பாகும் என்று நிரூபித்து முழு மதிப்பெண் வாங்கினேன். அப்போதும் அந்தத் தட்டு ஞாபகத்துக்கு வரவில்லை. என் மகள் பிறந்து, போர்த்தியது போதுமா, அதிகமா என்று மணிக்கு நான்கு முறை அவள் பாதத்தைத் தொட்டுப் பார்க்கத் தொடங்கிய பிறகுதான் வந்தது. சின்ன உடம்பில் சூட்டை வைத்திருக்கும் சதை குறைவு. அந்தச் சதையோடு பார்த்தால், வெளியே விடும் தோல் அதிகம். தம்பி இப்போது நிலைப்படியில் இடிக்காமலிருக்கத் தலை குனிந்து வருகிறான்.

உருண்டை தின்ற அன்று ராத்திரி கோட்டை மலைப் பக்கமிருந்து மழைக்காற்று அடித்தது. அம்மா அவனை அணைத்தபடி ஒருக்களித்துப் படுத்து என்னைக் கூப்பிட்டாள்.

"வா, தம்பி முதுவோட ஒட்டிப் படு. எடவெளி உடாத."

மன்னித்துவிட்டாள் என்று ஓடிப்போய் ஒட்டிக்கொண்டேன். மன்னிப்பும் இருந்ததா என்று இப்போது கேட்டால் அம்மாவுக்கு நினைவில்லை. மூன்று பேரையும் சேர்த்து ஒரே பெரிய உருண்டையாகப் பிடிக்கிறாள் என்பது அன்று எனக்குத் தெரியவில்லை.