வெறுங்கழுத்துத் தலைவர்

ரொறன்ரோவை அடுத்த விட்பியில் இப்போது எனக்குச் சொந்த வீடும் இரண்டு காரும் சற்றுத் தாராளமான வயிறும் உண்டு. ஆனாலும் பழைய மரமேசைக்குப் பூசும் எண்ணெய் எங்காவது மணத்தால், தொண்ணூறுகளின் ரொறன்ரோவும் ஒரு சாப்பாட்டு மண்டபமும் அதன் சுவரில் தொங்கிய வெள்ளைக்காரப் பெரியவர்களும் வந்துவிடுவார்கள்.

நகரின் நடுவில் இருந்த ஒரு கல்லூரியில் மேசை துடைக்கும் வேலை எனக்கு. எடுத்துத் தந்தவர் சென் ஜேம்ஸ் ரவுண் அடுக்குமாடியில் என் பக்கத்துக் கதவு அண்ணை. அவர் அங்கே மரக்கறி வெட்டினார். ஊருக்கு எழுதும் கடிதங்களில் மட்டும் தலைமைச் சமையற்காரர். என் மனைவி கொழும்பில் விசாவோடு புறப்படத் தயாராக இருந்தாள். இந்தச் சம்பளத்தை நம்பித்தான் ஒரு அறை அப்பார்ட்மென்ட் எடுத்திருந்தேன். முதல் சில மாதங்களுக்குள் ஏதாவது பிழைவிட்டால் வீட்டுக்குப் போகலாம் என்று மேற்பார்வையாளர் அம்மா சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தார். சிரித்ததுதான் பயம்.

இங்கிலாந்தில் உள்ள ஒரு பழைய பல்கலைக்கழகக் கல்லூரியைப் பார்த்து எழுப்பியதாம் எங்கள் கல்லூரி. அதனால் அந்த இங்கிலாந்துக் கல்லூரித் தலைவர்களின் படப் பிரதிகள் நூற்றாண்டு வாரியாகச் சுவரில் தொங்கின. ஆளில்லாத பிற்பகல்களில் நானும் அவர்களும்தான். என் இங்கிலிஷைத் திருத்தாத ஒரே வெள்ளைக்காரர்கள் என்பதால் எனக்கு அவர்கள்மேல் தனிப் பாசம்.

அவர்களை நான் கழுத்தால்தான் அடையாளம் வைத்திருந்தேன். முதல் ஆட்களின் கழுத்தில் இடியப்பத் தட்டுப் போலச் சுருக்கு வைத்த வெள்ளைப் பட்டை. தலை பரிமாற வைத்தது போலிருக்கும். அடுத்த நூற்றாண்டில் தட்டுப் போய், தோள்வரை விழும் பொய்மயிர் வந்தது. பிறகு அதுவும் உதிர்ந்து, கன்னமெல்லாம் கிருதா வளர்த்தவர்கள். கடைசியாக ஒரு மூக்குக்கண்ணாடிக்காரர். ரை என்ற மெல்லிய கழுத்துப்பட்டி ஒன்றைத் தவிரக் கழுத்து வெறுமையாக இருந்தது. பார்க்கப் பாவமாயிருந்தது. சமீபத்தில்தான் செத்திருக்க வேண்டும் என்று நினைத்தேன். எங்கள் வீடுகளில் சுவரில் ஏறுகிறவர் செத்தவர்தானே.

ஒரு நாள் மத்தியான விருந்து முடிந்து, மேசைப் பூக்களைக் குப்பையில் கொட்டச் சொன்னார்கள். மனம் வரவில்லை. சமையலறையில் கோழியின் காலைக் கட்டும் நூல் இருந்தது. அதில் பூக்களைக் கோத்து, கதிரையில் ஏறி, கடைசி ஆளின் படத்துக்கு மாலையாகப் போட்டேன். கும்பிட்டும் வைத்தேன்.

பின்னேரம் அண்ணை உருளைக்கிழங்கும் கையுமாக ஓடிவந்தார்.

“டேய், உந்தப் படத்துக்கு ஆர் மாலை போட்டது?”

“நான்தான் அண்ணை. பாவம், செத்த மனிசன்.”

“செத்தவரோ? உவர்தானடா அந்த இங்கிலாந்துக் கல்லூரியின்ரை இப்பத்தைய தலைவர்! இண்டைக்கு இரவு விருந்தே உவருக்குத்தான். லண்டனிலை இருந்து வந்து வாசலிலை நிக்கிறார்!”

“அப்ப ஏன் அண்ணை சுவரிலை மாட்டினவை?”

“என்னைக் கேக்கிறாய்? போய்க் கழட்டு!”

ஓடினேன். ஓடும்போதே வேலை போய், அப்பார்ட்மென்ட் போய், மனைவி விமான நிலையத்தில் பெட்டியோடு நின்று என் குலத்தைத் திட்டுவது வரை பார்த்துவிட்டேன். இழுத்த கதிரை மேசைக்காலில் மாட்டியது. அதை விடுவித்து நிமிர்ந்தால், சுவரில் இருந்தவர் என் பக்கத்தில் நிற்கிறார். அதே கண்ணாடி, அதே ரை. வேலை போவதற்கு முன் எனக்கு உயிர் போகப் பார்த்தது. அவருக்குப் பின்னால் மேற்பார்வையாளர் அம்மா. சிரிக்கவில்லை.

மாலையைக் காட்டி, இது என்ன என்று தலைவர் கேட்டார்.

“மரியாதை, சேர்,” என்றேன். குரல் எலிக்குஞ்சு போல வந்தது. “எங்கட நாட்டில பெரிய ஆக்களுக்குப் போடுறது,” என்று எனக்குத் தெரிந்த இங்கிலிஷில் சொன்னேன். முழுப் பொய்யில்லை. உயிரோடு இருப்பவருக்குக் கழுத்தில், போனவருக்குப் படத்தில் என்ற சிறு விபரத்தை மட்டும் விட்டுவிட்டேன்.

அவர் முகம் மலர்ந்தது. ஆள் இங்கே நிற்கும்போது படத்துக்கு எதற்கு என்று சொல்லித் தலையைத் தாழ்த்தினார். மாலையைக் கழற்றி அவருக்கே போட்டேன். கோழி நூல் மாலையோடு அவர் சூப் குடித்தார், பேசினார், கைதட்டு வாங்கினார். இடியப்பத் தட்டுக்காரர்கள் எல்லாரும் மேலே இருந்து பொறாமையோடு பார்ப்பது போலிருந்தது. விருந்து முடிந்ததும் மேற்பார்வையாளர் அம்மா வந்து, அடுத்த விருந்துக்கும் இப்படி ஒன்று கட்ட முடியுமா என்று கேட்டார். அடுத்த விருந்துக்கும் நான் இருப்பேன் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

“உயிரோட இருக்கிற மனிசனுக்குத் திவசம் செய்து வேலையைக் காப்பாத்தின முதல் தமிழன் நீதானடா,” என்றார் அண்ணை, வீட்டுக்குப் போகும் ஸ்ரீற்கார் ட்ராம் வண்டியில்.

அடுத்த மாதம் மனைவி வந்தாள். பெட்டியைத் திறந்ததும் முதலில் எடுத்தது சட்டம் போட்ட என் படம். கொழும்பு அறையில் இத்தனை காலமும் சுவரில் மாட்டி வைத்திருந்தாளாம். வாங்கி, கழுத்தடியைக் கவனமாகப் பார்த்தேன்.

“உதுக்குப் பூ, கீ ஏதும் வைச்சனீரோ?”

“விசரே உங்களுக்கு? உயிரோட இருக்கிற ஆளின்ரை படத்துக்கு ஆரும் பூ வைப்பினமோ?”

ஆணியைத் தேடுவது போல எழும்பி அடுத்த பக்கம் போய்விட்டேன்.