ஏழு கிணறும் காணாது

எங்கள் திருகோணமலைப் பக்கத்தில் ‘போதும்’ என்று சொல்பவர்கள் குறைவு. ‘காணும்’ என்போம். சோறு காணும், சீனி காணும், கதைத்தது காணும். போதாவிட்டால் ‘காணாது’. ஏதாவது தொலைந்துபோனாலும் இந்தச் சொல்லின் தம்பிதான் ஓடிவருவான்: ‘காணேல்லை’. ஒரே வீட்டுக்குள் இத்தனை அர்த்தங்களைக் குடிவைத்தால் ஒரு சின்னப் பையன் என்னதான் செய்வான்?

என் பட்டப்பெயரே ‘காணாது’தான். வைத்தது அக்கா. சிவப்பு ஐஸ்பழம் வாங்கித் தந்தால் பாதியைச் சூப்புவதற்குள் பக்கத்துப் பையனின் பச்சை ஐஸ்பழம் கண்ணில் படும். அதற்குப் பிறகு சிவப்பு இனிக்காது. இன்றைக்கும் நான் புதுப் போன் வாங்கிய மறுநாளே அடுத்த போனின் விளம்பரத்தைப் பார்ப்பவன். என் மனைவிக்கு இந்தப் பட்டப்பெயரை அக்கா கல்யாணத்தன்றே சீதனமாகக் கொடுத்துவிட்டார்.

சண்டை நடந்த காலம், எனக்கு ஏழு வயது. அந்த வருடம் அம்மா வெளியே போவதையே விட்டிருந்தார். அம்மாவின் கடைசித் தம்பி, எங்கள் சின்னமாமா, ஒரு காலையில் சைக்கிளில் வேலைக்குப் போனவர் திரும்பி வரவில்லை. கொழும்பில் நிற்கிறார் என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள். அவர் வரும்போது எனக்கு என்ன கொண்டுவருவார் என்பது மட்டுமே என் கவலை.

துறைமுகத்தில் மூட்டைகள் அடுக்கும் கிட்டங்கியில் வேலை பார்த்த பெரியமாமாதான் ஒரு வாடகை வானைப் பிடித்து, பாதை திறந்திருந்த ஒரு நல்ல நாளில் எங்களைக் கன்னியாவுக்குக் கூட்டிப்போனார். வெந்நீர்க் கிணறுகளில் குளித்தால் அம்மாவின் முகம் கொஞ்சம் தெளியும் என்று நினைத்திருப்பார்.

கன்னியாவில் சின்னச் சதுரங்களாக ஏழு கிணறுகள். ஒவ்வொன்றும் ஒவ்வொரு சூடு. என்னைப் போன்றவனுக்கு இதைவிடப் பெரிய ஆபத்து கிடையாது. முதல் கிணற்றில் வாளியை விட்டேன். இரண்டாவதில் ஒரு குடும்பம் சிரித்துக்கொண்டிருந்தது, அங்கே ஓடினேன். அதற்குள் நான்காவதில் ஒரு தடித்த மனிதர் தலைக்கு ஊற்றிக்கொண்டு அலறினார். அவர் அலறிய அழகில் அங்கே ஏதோ விசேஷம் இருக்கிறதென்று தெரிந்தது. அங்கே போனால் ஆறாவதில் ஆட்கள் அதிகம். பெரியமாமா மட்டும் மூன்றாவது கிணற்றை விட்டு அசையவில்லை. ஊற்றுவார், கண்ணை மூடுவார், மறுபடி ஊற்றுவார்.

“மாமா, மற்றக் கிணத்துக்கு வரேல்லையோ?”

“ஏன், இதுக்கு என்ன குறை?”

பாவம், விவரமில்லாத மனிதர் என்று நினைத்தேன்.

ஏழும் முடிந்தன. காணாது. குளித்துக்கொண்டிருந்த ஒரு பையன், அந்தப் பற்றைப் புதருக்குப் பின்னால் எட்டாவது கிணறு இருக்கிறது, அதில் முட்டையே அவியும் என்றான். அம்மா சாப்பாட்டுக் கூடையில் வைத்திருந்த முட்டைகளில் ஒன்றை எடுத்துக்கொண்டு, இடுப்பில் துவாயோடு கிளம்பினேன். அது ஏற்கெனவே அவித்த முட்டை என்பது எனக்குத் தோன்றவில்லை.

பற்றைக்குப் பின்னால் கிணறு இல்லை. ஒரு சேற்றுக்குட்டை. அதற்குள்ளிருந்து கன்னங்கரேலென்று ஏதோ மூச்சுவிட்டபடி எழுந்தது. யானை. நான் நாவல் மரத்தில் எப்படி ஏறினேன் என்று எனக்குத் தெரியாது. துவாய் ஏறவில்லை. கையில் முட்டை மட்டும் பத்திரமாக இருந்தது. யானைக்கு ஏன் தலையில் இரண்டு வளைந்த கொம்புகள் என்று யோசிக்கிற நிலையில் நான் இல்லை. பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைப்பதாக நேர்ந்தேன். ஒன்று காணாதோ என்று பயந்து இரண்டாக்கினேன். இனி வாழ்நாளில் ‘காணாது’ என்று சொல்லமாட்டேன் என்றும் சத்தியம் செய்தேன்.

கீழே அந்த மிருகம் மறுபடி சேற்றில் படுத்து, கண்ணை அரைவாசி மூடி, அசைபோட ஆரம்பித்தது. அதற்கு அந்தக் குட்டை காணும் போலிருந்தது.

அப்போதுதான் தூரத்தில் அக்காவின் குரல்.

“அம்மா, தம்பியைக் காணேல்லை.”

அதன் பிறகு கேட்ட அம்மாவின் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை. என் பெயரைக் கூப்பிட்டார். திரும்பத் திரும்பக் கூப்பிட்டார். நடுவில் ஒரு தடவை பெயர் மாறிச் சின்னமாமாவின் பெயர் வந்தது. அவசரத்தில் அம்மாவுக்குப் பெயர்கள் மாறுவது வழக்கம்தான் என்று இருந்துவிட்டேன். நான் குரல் கொடுக்கவில்லை. கொடுத்தால் யானை எழும்பிவிடுமே.

பெரியமாமா இடுப்பில் கட்டிய ஈரச் சாரத்தோடு பற்றையைப் பிளந்துகொண்டு வந்தார். நிமிர்ந்து பார்த்தவர் மரத்தைப் பிடித்துக்கொண்டார்.

“மாமா, யானை,” என்றேன் மெதுவாக.

“எருமையடா. மேல ஒண்டு, கீழ ஒண்டு. மேல நிக்கிறது இறங்கு.”

துவாயைக் கட்டிவிட்டவர் ஒன்றுக்கு மூன்று முடிச்சுப் போட்டார். மறுபடி அவிழ்ந்துவிடுமென்று அவருக்குப் பயம் என்று நினைத்தேன்.

நிச்சயம் அடி விழும் என்று முட்டையை முன்னால் நீட்டிக்கொண்டே அம்மாவிடம் போனேன். அடி விழவில்லை. கிணற்றுக்கட்டில் இருந்த அம்மா என் காது, கை, முதுகு எல்லாவற்றையும் தடவிப் பார்த்தார். சந்தையில் சாமான் வாங்கும்போதுகூட அவ்வளவு பார்த்து நான் கண்டதில்லை.

“ஏழு கிணத்திலயும் குளிச்சவர்,” என்றார் அக்கா, “தலை நனையேல்லை.”

பெரியமாமா சிரிக்க முயன்றார். வந்ததுதான் வந்தோம், சாப்பிட்டுவிட்டு இன்னொரு தடவை குளித்துவிட்டுப் போவோமே என்று அம்மாவைக் கேட்டார்.

“காணும் அண்ணை,” என்றார் அம்மா. “எனக்கு இவன் காணும். வீட்ட போவம்.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. இவனோடு பட்டது காணும், இனி ஏலாது என்றுதான் என் காதில் விழுந்தது. வானில் ஏறியதும், என்னையும் சின்னமாமா மாதிரிக் கொழும்புக்கு அனுப்பப்போகினமோ என்று அக்காவின் காதுக்குள் கேட்டேன். எதற்கும் ஒரு நக்கல் வைத்திருக்கும் அக்கா அன்றைக்கு யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அம்மா என்னை மடியில் இழுத்துப் போட்டுப் பிடித்துக்கொண்டார். மணிக்கட்டு வலித்தது. விடச் சொன்னேன். விடவில்லை. கொழும்புக்கு அனுப்பிவிடப்போகிற ஒருவனை எதற்கு இவ்வளவு இறுக்கிப் பிடிக்கவேண்டும் என்று யோசித்துக்கொண்டே வீடு வந்து சேர்ந்தேன்.