பர்வதிக் குன்றில் பிரம்மச்சாரி முருகன்

2004 அக்டோபர், ஒரு ஞாயிறு. காலை ஏழு மணிக்கு நானும் கணவரும் இரண்டு வயதுக் கதிரும் புனேயில் நாங்கள் குடியிருக்கும் நிக்டியில் பஸ் ஏறினோம். ஸ்வார்கேட் வரை இருபது கிலோமீட்டருக்குக் குறையாது. டிக்கெட் பன்னிரண்டு ரூபாய்.

போன மாதம் கதிருக்குக் காய்ச்சலில் வலிப்பு வந்தது. ஆஸ்பத்திரிக்கு ஓடும்போதே, பிள்ளை பிழைத்தால் உன் சன்னதிக்குத் தூக்கி வருகிறேன் என்று முருகனிடம் சொல்லிவிட்டேன். கோவைக்குப் போக இவருக்கு லீவு இல்லை. பர்வதிக் குன்றில் கார்த்திகேயர் கோயில் இருப்பதாகக் கேள்விப்பட்டுக் கிளம்பிவிட்டோம்.

“ஊசி போட்டது டாக்டரு, பேரு முருகனுக்கா?” என்றார் இவர்.

“சும்மா இருங்க. காதுல விழப்போகுது.”

“யாரு காதுல? கண்டக்டருக்குத் தமிழ் தெரியாது.”

எட்டரைக்கு ஸ்வார்கேட். அங்கிருந்து குன்றடிக்கு ஆட்டோ, பதினைந்து ரூபாய். நூற்றுச் சொச்சம் கருங்கல் படிகள். மேலே நல்ல காற்று. கீழே புனே முழுதும் விரிந்து கிடந்தது.

கார்த்திகேயர் சன்னதி சிறியது. கதிரைத் தூக்கிக்கொண்டு வாசலை நெருங்கினேன். வெளியே நின்ற, என் வயதுப் பெண் ஒருத்தி, “அஹோ தாயி!” என்று கையை நீட்டித் தடுத்தாள். அக்காவை இங்கே அப்படித்தான் அழைப்பார்கள். பிறகு இந்தியில் சொன்னாள்: “என் வீட்டுக்காரர் உள்ளே இருக்கார். நாம போகக்கூடாது. இந்தச் சாமி பிரம்மச்சாரி. பொம்பளை பார்த்தா ஏழு ஜன்மம் விதவையாம். கார்த்திகைப் பௌர்ணமிக்கு மட்டும் வரலாம்.”

“எங்க ஊர்ல இவருக்கு ரெண்டு சம்சாரம்.”

அவள் வாயைப் பொத்திச் சிரித்தாள். “ரெண்டா! அதான் இங்க ஓடி வந்துட்டார்.”

நானும் சிரித்தேன், ஆனால் கால் நகரவில்லை. கல்யாணமான புதிதில் மருதமலையில் இவரைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு கும்பிட்டிருக்கிறேன். இவருக்கு ஒன்றும் ஆகவில்லை. மாநில எல்லை தாண்டினால் மாறும் விதி எப்படி உண்மையாகும்? எல்லாம் புரிந்தது. இருந்தாலும், ஒருவேளை? பார்க்காமல் திரும்பினால் பிள்ளைக்கான வேண்டுதல் என்னாவது?

“உள்ள போ. எனக்கு ஒண்ணும் ஆகாது,” என்றார் இவர்.

“உங்களுக்கென்ன, நீங்க நம்பறதில்ல. ஏதாவது ஆனா நானல்லவா தவிக்கோணும்?”

என் முகத்தைப் பார்த்தவர், கதிரை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். கோயிலில் கைகூப்பாத மனிதர். ஐந்து நிமிடம் ஆகியும் வரவில்லை. வந்தபோது இரண்டு பேர் நெற்றியிலும் குங்குமம்.

“என்னங்க வேண்டிக்கிட்டீங்க?”

“எனக்கென்ன தெரியும்? நேந்துக்கிட்டவ வெளிய நிக்கறா, பையனப் பாத்துக்குங்க, அவளையும் கொஞ்சம் எட்டிப் பாருங்கன்னு சொன்னேன்.”

வேண்டுதல் செல்லும் என்று அந்த நிமிடமே மனம் சமாதானமானது. ஏன் என்று என்னால் விளக்க முடியாது.

மருதமலையில் நான் முருகனைப் பயந்து பார்த்ததே இல்லை. இங்கே பயந்து பார்க்காமல் இறங்கினேன். ஆனாலும் அங்கிருந்து எப்படித் திரும்புவேனோ, அதே நிறைவோடுதான் திரும்பினேன். அடுத்த மாதம் பௌர்ணமிக்கு வருவேன். அந்த ஒரு நாள் மட்டும் விதி எங்கே போகும் என்று படித்த புத்தி கேட்கும். கேட்கட்டும், அதையும் கூட்டிக்கொண்டுதான் படியேறுவேன்.