அந்தாளாண்ட சொல்லு

எங்கள் பக்கத்தில் எஞ்சின் கெட்டுப்போகாது, உட்கார்ந்துவிடும். வண்டிக்கு என்ன ஆச்சு என்று கேட்டால், "குந்திக்கிச்சுப்பா" என்பார்கள், நடந்து களைத்த பெரியவர் ஒருவர் வழியில் உட்கார்ந்துவிட்டதைச் சொல்வதுபோல. அதேபோல இரண்டு பேர் சண்டை போட்டுக்கொண்டார்கள் என்றும் சொல்லமாட்டார்கள். "அவனுக்கும் எனக்கும் பேச்சுவார்த்தை இல்ல" என்பதோடு சரி. நான் மூன்றாம் வகுப்பு படித்தபோது எங்கள் வீட்டில் இரண்டும் சேர்ந்து நடந்தது. அப்பாவின் லாரி எஞ்சின் உட்கார்ந்துவிட்டது. அப்பாவுக்கும் மாமாவுக்கும் பேச்சுவார்த்தை இல்லாமல் போய் ஏற்கனவே சில வருஷம் ஆகியிருந்தது.

மாமா என்றால் அம்மாவின் அண்ணன். மணலியில் லாரி ஷெட்டில் ஃபிட்டர். இருவரும் பேசாமல் போனதற்குக் காரணம் என் காது. எனக்குக் காது குத்தும்போது தாய்மாமன் மடியில்தான் உட்கார வைத்துக் குத்த வேண்டும். மாமா சீர்த்தட்டுகளோடு மணலி புதுநகரிலிருந்து காலையிலேயே கோயிலுக்கு ஷேர் ஆட்டோவில் கிளம்பிவிட்டார். ஆனால் எண்ணூர் ரோட்டில் துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரிகள் லைன் கட்டி நின்றுவிட்டன. அப்பாவே கன்டெய்னர் லாரி ஓட்டுகிறவர். அந்த லைனைப் பற்றி அவருக்குத் தெரியாதது இல்லை. "இன்னிக்கு அது நவுறாது" என்று சொல்லிவிட்டார். நல்ல நேரம் போகிறது என்று பெரியவர்கள் ஒரு பக்கம், அடுத்த வீட்டுக்குப் போகவேண்டும் என்று ஆசாரி ஒரு பக்கம் நெருக்க, அப்பா தன் சிநேகிதர் சேவியர் மடியில் என்னை உட்கார வைத்துக் குத்திவிட்டார். மாமா வேர்த்து விறுவிறுத்து வந்து சேர்ந்தபோது நான் புதுத் தோட்டோடு சேவியர் மடியில் அழுதுகொண்டிருந்தேனாம். மாமா தட்டுகளைக் கோயில் படியில் வைத்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் திரும்பிப் போய்விட்டார். அதற்கப்புறம் எங்கள் வீட்டு வாசலை அவர் மிதிக்கவில்லை.

இதில் அவதிப்பட்டது அம்மாதான். அத்தையும் அம்மாவும் போனில் பேசிக்கொள்வார்கள். மாமா ஷிப்டு முடிந்து வீட்டுக்குள் வந்ததும் அந்தப் பக்கம் "அப்பறமா பேசறேன்" என்று கட் ஆகிவிடும். அம்மா கொஞ்ச நேரம் அந்தப் போனையே பார்த்துக்கொண்டிருப்பாள். அண்ணனை ஒரு நாள் கூப்பிட்டு உட்கார வைத்துச் சோறு போட வேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு வேறு ஆசை எதையும் நான் கேட்டதில்லை. அதையும் அவள் அப்பாவிடம் கேட்கமாட்டாள். சோறு வடிக்கும்போது சுவரிடம் சொல்வாள்.

எஞ்சின் உட்கார்ந்தது வள்ளூர் தாண்டி, நடு ரோட்டில். வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்து திருவொற்றியூரில் எங்கள் தெருக் கோடியில் இருக்கிற கடலோர மணல் மைதானத்தில் நிறுத்தினார்கள். இனி அந்த எஞ்சின் எழுந்திருக்காது என்று தெரிந்துபோயிற்று. அப்பாவின் இன்னொரு தோஸ்து பாய், சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் கடை வைத்திருந்தார். முன்பக்கம் நசுங்காமல் பின்பக்கம் மட்டும் நொறுங்கிய ஒரு லாரியிலிருந்து நல்ல எஞ்சின் ஒன்றைப் பிடித்துக் கொடுத்தார். சிநேகிதர்கள் எல்லாரும் ஞாயிற்றுக்கிழமை கூடிப் பழசை இறக்கிப் புதுசை ஏற்றிவிடுவது என்று முடிவானது. திங்கட்கிழமை வண்டி துறைமுக லைனுக்குப் போகாவிட்டால் அப்பாவின் இடத்தில் வேறு வண்டி நுழைந்துவிடும்.

ஞாயிறு காலையில் சேவியர் அங்கிள் பைக்கில் வந்தார். ஒரு கையில் பை நிறைய வவ்வால் மீன். பின்சீட்டில் மாமா.

மைதானத்தில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அப்பா ஸ்பானரைப் பார்த்தார். மாமா கடல் பக்கம் பார்த்தார்.

"இன்னாப்பா எல்லாம் மொறைக்கிறீங்கோ?" என்றார் சேவியர் அங்கிள். "நான் மீன் புடிக்கற போட்டு எஞ்சின் பாக்கறவன். எங்க எஞ்சின் தண்ணியில தனியா பொழைக்கும். இது கியர்பாக்ஸோட குடும்பம் நடத்தற எஞ்சின். அத்த சேத்து வைக்கறதுக்கு விசயம் தெரிஞ்ச ஆளு வாணாமா?"

மாமா சட்டையைக் கழற்றி லாரிக் கண்ணாடியில் மாட்டினார். "நான் வண்டிக்கு வந்தேன். ஆளுக்கு வரல" என்று பொதுவாகச் சொன்னார்.

நான் வீட்டுக்கு ஓடி மீன் பையைக் கொடுத்து விஷயத்தைச் சொன்னேன். அம்மா பையை வாங்கவே இல்லை.

"யாரு? எங்கண்ணனா?"

"சட்டைய கழட்டிட்டாரு."

"உள்ள பனியன் போட்டுகினு கீறாரா?"

"கீறாரு. முதுவுல கிழிஞ்சிருக்குது."

அம்மா பையை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். அன்றைக்கு மட்டும் மீனை இரண்டு தடவைக்கு மேல் கழுவினாள். நான் தண்ணீர் எடுக்க வரும்போதெல்லாம் "இப்ப இன்னா பண்றாரு?" என்று கேட்டாள். யார் என்று சொல்லவில்லை, எனக்கும் கேட்கத் தோன்றவில்லை.

பழைய எஞ்சினைக் கழற்றி இறக்கியது சிரிப்பும் கூச்சலுமாக முடிந்துவிட்டது. மூன்று இரும்புக் குழாய்களை உச்சியில் சேர்த்துக் கட்டி, நடுவில் சங்கிலிக் கப்பியைத் தொங்கவிட்டிருந்தார்கள். மணல் என்பதால் குழாய்களின் காலடியில் பலகை. பாய்தான் சங்கிலியை இழுக்கிறவர். "தொப்பைய வச்சிகினு இழுக்கறியே பாய், சங்கிலி மேல போவுதா, நீ மேல போறியா?" என்று சேவியர் அங்கிள் கேட்டார். "நான் மேல போனா உன்னையும் கூட்டிகினுதான்டா போவேன், பேஜாரு புடிச்சவனே" என்றார் பாய். பழைய எஞ்சின் மணலில் இறங்கியபோது யாரோ அதன் மேல் ஒரு கோணிப்பையைப் போர்த்தினார்கள்.

புதுசை ஏற்றும்போதுதான் தகராறு ஆரம்பித்தது. கியர்பாக்ஸிலிருந்து ஒரு தண்டு நீட்டிக்கொண்டிருக்கும். அது எஞ்சினுக்குப் பின்னால் உள்ள கிளட்ச் தட்டின் நடுத்துளைக்குள் நேராகப் போய் நுழைய வேண்டும். ஊசியில் நூல் கோக்கிற வேலைதான், ஊசிதான் எருமைக் கனம். அப்பா வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்து, ஜாக்கியில் கியர்பாக்ஸை ஏற்றி இறக்குவார். மாமா மேலே லாரியின் சேஸ் சட்டத்தின் மேல் கால் அகட்டி நின்று, தொங்குகிற எஞ்சினைப் பிடித்து நகர்த்துவார். மேலே இருப்பவருக்கு அடியில் தெரியாது, அடியில் இருப்பவருக்கு மேலே தெரியாது. இருவரும் விடாமல் பேசிக்கொண்டே இருந்தால்தான் வேலை நடக்கும். இருவருக்கும்தான் பேச்சுவார்த்தை இல்லையே.

முதலில் சேவியர் அங்கிள் இரண்டு பக்கமும் எடுத்துச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் சலித்துவிட்டது. "நான் கடப்பாரைய புடிக்கறதா, உங்க ரெண்டு பேருக்கும் தபால் எடுக்கறதா? பாப்பா, நீ வாம்மா இங்க."

அப்படித்தான் எனக்கு அந்த உத்தியோகம் கிடைத்தது. முன்சக்கரத்தின் பக்கத்தில் நின்றுகொண்டேன். அங்கிருந்து நிமிர்ந்தால் மாமாவின் முகம், குனிந்தால் அப்பாவின் முகம். ஒருவர் சொன்னதை இன்னொருவர் அங்கிருந்தே கேட்டிருக்க முடியும். அது அப்போது என் புத்திக்கு எட்டவில்லை. நான் இல்லாவிட்டால் வேலையே நின்றுவிடும் என்றுதான் நினைத்தேன்.

"அந்தாளாண்ட சொல்லு, ஜாக்கிய ஒரு நூல் ஏத்தச் சொல்லு."

குனிந்து சொன்னேன். அப்பா அந்த அரைக்கால் அங்குலம் ஏற்றினார்.

"ஏத்தியாச்சுன்னு உன் மாமனாண்ட சொல்லு. எஞ்சின சோத்தாங்கை பக்கம் தள்ளச் சொல்லு."

நிமிர்ந்து சொன்னேன். மாமா தள்ளினார்.

"இத்தினியூண்டு ஏத்தச் சொன்னா எம்மா ஏத்திகீறாரு பாரு. கண்ணு இன்னா பொடனிலயா கீதுன்னு கேளு."

அதையும் அப்படியே குனிந்து கேட்டேன். "மேல கீறவருக்கு மூள எங்க கீதாம், அத்த கேட்டுச் சொல்லு" என்றார் அப்பா. அதையும் ஒப்பித்தேன். சங்கிலியைப் பிடித்திருந்த பாய் குலுங்கிக் குலுங்கிச் சிரித்ததில் எஞ்சினே ஆடியது.

"யம்மா, வசவெல்லாம் வுட்டுடும்மா, வேலைய மட்டும் சொல்லு" என்றார்.

"பொடனிலன்னது வசவா, வேலையா பாய்?" என்று கேட்டேன். நிஜமாகவே சந்தேகம்தான். எல்லாரும் சிரித்தார்கள். மாமா மட்டும் முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டார். பனியனின் கிழிசல் வழியே முதுகு குலுங்கியது தெரிந்தது.

வெயில் ஏற ஏறப் பேச்சு குறைந்தது. தண்டு துளையின் வாசலுக்கு வரும், உள்ளே நுழையாது. ஒரு நூல் ஏற்று, அரை நூல் இறக்கு, கொஞ்சம் திருப்பு என்று நான் குனிந்து நிமிர்ந்து, நிமிர்ந்து குனிந்து இடுப்பு கடுத்தது. இடைவெளி எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க அப்பா எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் விரல்களை விட்டுத் தடவிக்கொண்டிருந்தார். அப்போதுதான் குழாய்க்கு அடியில் இருந்த பலகை ஒன்று சடக்கென்று பிளந்தது. அந்தக் கால் மணலுக்குள் இறங்கியது. சங்கிலி கிறீச்சிட, எஞ்சின் ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டு வந்தது.

நான் வாயைத் திறப்பதற்குள் மேலேயிருந்து ஒரு சத்தம்.

"மாப்ளே, கைய எடு!"

அப்பா கையை எடுத்துவிட்டார். எஞ்சின் போய் கியர்பாக்ஸில் மோதிய ஓசை தெருக் கோடிவரை கேட்டிருக்கும். சேவியர் அங்கிள் கடப்பாரையை முட்டுக்கொடுத்தார், பாய் சங்கிலியைக் கையில் சுற்றிக்கொண்டு அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார். எஞ்சின் நின்றது.

மாமாவின் இரண்டு கையும் எஞ்சினைக் கட்டிப் பிடித்தபடி இருந்தன, விடவே இல்லை. மூச்சு வாங்கியது. அப்படியே என்னைப் பார்த்தார்.

"கை கீதான்னு அந்தாளாண்ட கேளு."

குனிந்து கேட்டேன். அப்பா ஐந்து விரலையும் விரித்து, அது தன்னுடையதுதானா என்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கீதுன்னு சொல்லு."

நிமிர்ந்து சொன்னேன். மாமா தலையை ஆட்டினார். சேவியர் அங்கிள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "அட கர்த்தரே" என்று மட்டும் சொன்னார்.

புதுப் பலகைகள் வந்தன. மறுபடியும் ஒரு நூல், அரை நூல். இந்தத் தடவை வசவு இல்லாததால் என் வேலை சுலபமாகிவிட்டது. தண்டு உள்ளே போனபோது அதிகமாகச் சத்தம்கூட வரவில்லை. போல்ட்டுகளை முடுக்கி, ரப்பர் குழாய்களை மாட்டி, எண்ணெயும் தண்ணீரும் ஊற்றி, டீசல் பைப்பில் இருந்த காற்றை வெளியேற்றி, அப்பா சாவியைத் திருப்பியபோது வெயில் தாழ்ந்திருந்தது. எஞ்சின் இருமியது. இருமி இருமிக் கரும்புகையைத் துப்பியது. பிறகு பேச ஆரம்பித்தது. பாய் விசில் அடித்தார். சக்கரத்துக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்து வண்டியை நகர்த்தினார்கள். மைதானத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தபோது அப்பாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

மாமா சோப்புத்தூளும் மண்ணும் போட்டுத் தெருக்குழாயில் கை கழுவிக்கொண்டிருந்தார்.

"வவ்வா மீன் கொழம்பு மாமு. ரெண்டு வாய் துன்னுட்டுப் போலாமே" என்றார் சேவியர் அங்கிள்.

"வண்டிக்கு வந்தேன். வண்டி ஓடுது. கெளம்பு."

பைக்கில் ஏறி உட்கார்ந்தபின் என்னைக் கூப்பிட்டார். "ஒரு வாரம் ஓடினப்பறம் எஞ்சின தாங்கற மவுண்டிங் போல்ட்ட ஒரு தபா இறுக்கணும். வேற எவனையும் அதுல கைய வைக்க வுட வாணாம்னு சொல்லு." யாரிடம் என்று இந்தத் தடவை அவர் சொல்லவில்லை. பைக் போய்விட்டது. நான் ஓடிப்போய் அப்பாவிடம் சொன்னேன். அப்பா ம் என்றார்.

வீட்டில் அம்மா ஒரு தட்டைத் தனியாகக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தாள். மாமா போய்விட்டார் என்றதும் அதை எடுத்து மற்றத் தட்டுகளோடு சேர்த்தாள். அவள் முகத்தைச் சரிபண்ணலாம் என்றுதான் நான் அன்றைக்கு நடந்ததையெல்லாம் வரிசையாகச் சொன்னேன். எத்தனை தடவை குனிந்தேன், எத்தனை தடவை நிமிர்ந்தேன், ஒரு சொல்கூட மாறாமல் எப்படிக் கொண்டுபோய்ச் சேர்த்தேன், பாய் எப்படிக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார் என்று. அம்மா குழம்பைக் கிளறிக்கொண்டே கேட்டாள். பலகை பிளந்த இடம் வந்ததும் கரண்டி நின்றது.

"இன்னான்னு கத்தனாரு?"

"மாப்ளே, கைய எடுன்னு."

"மாப்ளேன்னா? நீ கேட்டியா?"

"பக்கத்துலதானம்மா நின்னேன்."

"உங்கப்பா இன்னா சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லல. கைய எடுத்துட்டாரு."

"ஒடனேவா?"

"ஒடனே."

அம்மா அடுப்பை அணைத்துவிட்டு என் எதிரில் உட்கார்ந்தாள். அவர் கத்தின மாதிரியே கத்திக் காட்டு என்றாள். கத்திக் காட்டினேன். இன்னொரு தடவை என்றாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு இன்னொரு தடவை என்றாள்.

எனக்குக் கோபமாக வந்தது. காலையிலிருந்து இடுப்பு ஒடிய நான் தூக்கிச் சுமந்த அத்தனை பேச்சையும் விட்டுவிட்டு, என் கை படாமல் போன ஒரே ஒரு வார்த்தையையா இவள் இப்படிக் கேட்பாள்? இனிமேல் யாருக்கும் எதையும் எடுத்துச் சொல்வதில்லை என்று முடிவு செய்துகொண்டு, தட்டை இழுத்துப் போட்டுச் சாப்பிட உட்கார்ந்தேன்.