ஈரக் காற்றுப்பை

பயிற்சி விமானம் ஒன்று இறங்கும்போது தடம் விலகியது என்று செய்தி வந்தால், ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று பார்த்துவிட்டுத்தான் கைப்பேசியை வைப்பேன். விமானமே ஏறாதவனுக்கு இதில் என்ன அக்கறை என்று வீட்டில் சிரிப்பார்கள். ஒரு விமானத்தைக் கால்வாயில் இறக்கியவன் நான் என்பது அவர்களுக்குத் தெரியாது.

அப்போது எனக்கு ஒன்பது வயது. கிள்ளானுக்கு வெளியே, செம்பனைத் தோட்டத்தை ஒட்டி ஒரு சின்ன விமானத் திடல் இருந்தது. அப்பா அங்கே புல் வெட்டினார். நாங்கள் குடியிருந்ததும் திடலுக்குச் சொந்தமான வீடுதான். ஞாயிற்றுக்கிழமைகளில் விமானம் ஓட்டப் பழகுகிறவர்கள் வருவார்கள். இறங்குவார்கள், சக்கரம் புல்லில் பட்டதும் மறுபடி ஏறுவார்கள், சுற்றி வந்து மறுபடி இறங்குவார்கள். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று மேலிருந்தே தெரிய, உயரமான கம்பத்தில் நீளமான துணிக் குழாய் ஒன்று பறக்கும். காற்றுப்பை என்போம். காற்றை எதிர்த்து இறங்கினால்தான் விமானம் சீக்கிரம் நிற்கும்.

ஒரு சனிக்கிழமை, கிழிந்த காற்றுப்பையைத் தைக்க அப்பா வீட்டுக்குக் கொண்டுவந்தார். அம்மா தைத்து மடித்து வைத்ததை நான் கொல்லைக்கு எடுத்துப் போய், ஒரு முனையில் நுழைந்து மறுமுனையில் வெளியே வந்தேன். அருமையான சுரங்கம். தரையெல்லாம் சேறு என்பது வெளியே வந்த பிறகுதான் கண்ணில் பட்டது. அப்பா பார்த்தால் என் முதுகுத் தோல் உரியும் என்று அம்மா அவசரமாகத் துவைத்தார். வெள்ளைப் பட்டைகளுக்காகக் கொஞ்சம் நீலமும் போட்டார். இரவெல்லாம் மழை.

"என்னா இது, தண்ணி சொட்டுது?" என்றார் அப்பா காலையில்.

"அழுக்கா இருந்துச்சி லா. மேல போனா தானா காஞ்சிரும்."

வேறு பை இல்லை. அப்பா அதையே ஏற்றிக் கட்டினார். காற்று அடித்தும், பிழியாத வேட்டி போல அது கம்பத்தோடு ஒட்டித் தொங்கியது.

அன்று முதலில் பறந்தவர் பிரிக்பீல்ட்ஸிலிருந்து வரும் இளைஞர். தனியாக ஓட்டத் தொடங்கி ஒரு வாரம்தான். திடலை இரண்டு முறை சுற்றிவிட்டு இறங்கினார். காற்று பின்னாலிருந்து தள்ளியது. ஈரப் புல்லில் விமானம் நிற்காமல் ஓடி, கடைசியில் இருந்த கால்வாயில் மூக்கைக் குத்தி, வாலைத் தூக்கிக்கொண்டு நின்றது. அப்பாதான் முதலில் ஓடினார். அந்த அண்ணன் உதட்டில் ரத்தத்தோடு இறங்கி வந்தார். நான் எண்ணெய்ப் பீப்பாய்க்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

விமானம் ஓட்டக் கற்றுக்கொடுப்பவரை எல்லாரும் துவான், அதாவது ஐயா, என்பார்கள். அவர் விமானத்தைப் பார்க்கவில்லை. கம்பத்தை அண்ணாந்து பார்த்தார். பிறகு அப்பாவைப் பார்த்தார். அப்பா தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். வேலை போனால் வீடும் போகும் என்கிற அளவுக்கு எனக்கும் விவரம் இருந்தது.

"நான் காற்றுப்பையைப் பார்க்கவே இல்லை, துவான். மறந்துவிட்டேன்," என்றார் அந்த அண்ணன்.

துவானின் கோபமெல்லாம் அவர் பக்கம் திரும்பியது. கண் எதற்கு இருக்கிறது என்று கத்தினார். இரண்டு மாதம் விமானத்தைத் தொடக்கூடாது என்றார். அப்பாவை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அன்று மாலை துவான் கத்தியதை நான் அம்மாவுக்கு நடித்துக் காட்டினேன். அம்மா சிரிக்கவில்லை.

அடுத்த ஞாயிறு அம்மா கோழிப் பிரட்டல் செய்து தூக்குச்சட்டியில் கொடுத்தார். அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறி பிரிக்பீல்ட்ஸுக்குப் போனார். கதவைத் திறந்த அண்ணன் அப்பாவைப் பார்த்ததும் சிரித்துவிட்டார்.

"என்னாண்ணே, பை காஞ்சிருச்சா? ரெண்டு சுத்து சுத்திப் பாத்தேன், அசையவே இல்லியே!"

அப்பாவும் சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அன்றைக்குப் பார்க்கவே இல்லை என்றவர், இப்போது இரண்டு தடவை பார்த்தாராம். இப்படி வாய் கூசாமல் பொய் பேசுகிறவருக்குப் போய் முழுக் கோழியையும் கொடுத்தாகிவிட்டதே என்று பஸ்ஸில் திரும்பும்போது எனக்கு வருத்தமாக இருந்தது.