வெயிலில் வளைந்த சாயம்

ஆய்வகத்தில் எல்லோருக்கும் அவள் கண்ணாடி அக்கா. கண்ணாடித் தகடுகளில் சாயத்தை மெல்லிய படலமாகப் பூசி லேசர் அறைக்கு அனுப்புவது பதினாறு வருடமாக அவள் வேலை. "இது உருப்படாது" என்று அவள் ஒரு தகட்டை ஒதுக்கினால் அதற்கு அப்பீலே கிடையாது.

படலத்தில் இரண்டு சாயங்கள் இருந்தன. லேசர் பட்டதும் முதல் சாயத்தின் மூலக்கூறு கிளர்ந்தெழும். நீலமாக ஒளிர்வதற்குள் தன் ஆற்றலைப் பக்கத்திலிருக்கும் இரண்டாவதற்குக் கைமாற்றிவிடும்; அது சிவப்பாக ஒளிரும். மூன்று மாதம் ஒழுங்காக நடந்தது. திடீரென்று ஒரு வாரம் சிவப்பு மங்கி, நீலம் தலைதூக்கியது.

"தகடு சரியா கழுவல போல," என்றார் பேராசிரியர், திரையை விட்டுக் கண்ணெடுக்காமல்.

அவளுக்குச் சுருக்கென்றது. வீட்டில் சாப்பிடும்போது அதைச் சொல்லிப் பொருமினாள். பஸ் மெக்கானிக்கான கணவர் சிரித்தார். "தட்டு கழுவலன்னு நான் சொன்னாக்கூட நீ இப்படி மூஞ்சியத் தூக்கி வெச்சுக்க மாட்டியே?"

"நீங்க சொன்னா உங்களையே கழுவ விட்டுருவேன். அவர்கிட்ட முடியுமா?"

"வண்டி மக்கர் பண்ணா, கடைசியா எத மாத்தினோம்னுதான் நாங்க முதல்ல பாப்போம்."

மறுநாள் யோசித்தாள். மாறியது ஒன்றே ஒன்று: அலமாரிக்கு வண்ணம் அடித்தபோது இரண்டாம் சாயத்தின் புட்டி ஜன்னலோரம் போயிருந்தது. இருட்டில் வைத்திருந்த புதுப் புட்டியிலிருந்து ஒரு தகடு பூசினாள், சிவப்பு. அதே சாயத்தை இரண்டு மணிநேரம் வெயில் காட்டிப் பூசினாள், நீலம்.

"சாயம் கெட்டுப்போச்சு, அவ்வளவுதான்," என்றார் பேராசிரியர்.

"இல்ல சார். வெயில் பட்ட சாயத்த லேசா சூடு பண்ணேன், பழையபடி சிவப்பு வந்துருச்சு. கெட்டது திரும்பி வருமா?"

பேராசிரியர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பரிசோதனைகள் ஒரு வருடம் நீண்டன. அணுக்கள் அத்தனையும் அப்படியே இருக்க, வெயிலில் மூலக்கூறின் வடிவம் மட்டும் வளைந்திருந்தது. அதைப் பற்றி வெளியான ஆய்வுக் கட்டுரையில் அவள் பெயரும் ஏறியது.

கருத்தரங்கில் ஒருவர் விளக்கம் கேட்டபோது பேராசிரியர் ஒலிவாங்கியை அவளிடம் நீட்டினார். "கண்டுபிடிச்சவங்களையே கேளுங்க."

அவள் அதை வாங்கி மேசைமேல் வைத்தாள். இரண்டு உள்ளங்கைகளையும் ஒட்டினாற்போல் நிறுத்திக் காட்டினாள். "ரெண்டாவது சாயம் நேரா இருந்தா முதல் சாயத்தோட இப்படி நெருங்கிப் படுக்கும், ஆற்றல் தாவிடும்." ஒரு கையை முறுக்கி மடக்கினாள். "வளைஞ்சா தானும் ஒட்டாது, பக்கத்துல இருக்கறதையும் தள்ளிவிட்டுரும்."

அடுத்த கேள்வியும் அவளிடமே வந்தது.